பிசினஸ் பத்திரிகையில் விளம்பரம்: அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிக்குக் கட்டுப்படியாகுமா?

அம்பத்தூர்_பட்டறை

எல்லாருக்கும் வணக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒன்பது பேரை வைத்து ஒரு சின்ன யூனிட் நடத்துகிறேன். உலோகம் வெட்டுகிற சிஎன்சி மெஷின்களில் சூடு தணிக்கிற திரவம் (கூலன்ட்) இருக்கும் டேங்கில் மேலே மிதக்கிற எண்ணெயை இழுத்து வெளியே எடுக்கும் ஆயில் ஸ்கிம்மர் செய்கிறோம். மெஷின் ஷாப்பில் இருந்தவர்களுக்குத் தெரியும், ஞாயிறு முழுக்க மெஷின் ஓடாமல் நின்றுவிட்டுத் திங்கள் காலை ஷட்டரைத் தூக்கினால் அழுகிய முட்டை மாதிரி ஒரு நாற்றம் வரும். எண்ணெய்ப் படலம் மேலே மூடிக்கொள்வதால் கூலன்ட்டுக்குள் காற்று இறங்காமல், காற்றில்லாத இடத்தில் வளர்கிற பாக்டீரியா பெருகி வருகிற நாற்றம் அது. எண்ணெயைப் பெல்ட்டில் ஒட்டவைத்து எடுக்கும் பெல்ட் ஸ்கிம்மர் சந்தையில் நிறையவே உண்டு. நாங்கள் பெல்ட்டை வழிக்கிற பிளேடை வேறு மாதிரி அமைத்திருக்கிறோம், உலோகச் சீவல் தூள் (சிப்ஸ்) சிக்கிப் பெல்ட் கிழிவது அதில் நின்றுவிட்டது. எட்டு மாதமாக இரண்டு வாடிக்கையாளர்களிடம் சோதனைக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

போன வாரம் ஒரு ஆங்கில பிசினஸ் மாத இதழிலிருந்து போன் வந்தது. "இந்த ஆண்டின் 10 புதுமை நிறுவனங்கள்" பட்டியலுக்கு எங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். இரண்டு பக்கக் கட்டுரை, என் போட்டோ, நட்சத்திர ஹோட்டலில் விழா, கேடயம், அவர்களுடைய வெப்சைட்டில் ஒரு வருடத்துக்கு எங்கள் லோகோ, எல்லாம் சேர்த்து 1,20,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி, வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். இதுவரை அவர்கள் யாரும் எங்கள் ஷெட்டுக்கு வந்து மெஷினைப் பார்த்ததில்லை, எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டதற்கு "எடிட்டோரியல் டீம்" என்று மட்டும் பதில் வந்தது.

இன்னொரு பக்கம், பழைய தொழில்துறை மாத இதழ் ஒன்றின் ஆள் நேரிலேயே வந்து ரேட் கார்டு கொடுத்துவிட்டுப் போனார். முழுப்பக்கக் கலர் 45,000, அரைப்பக்கம் 26,000.

விளம்பரத்துக்கென்று வருடத்துக்கு ஒன்றரை லட்சம்தான் என்னால் ஒதுக்க முடியும். இதுவரை அது அக்மி மெஷின் டூல் கண்காட்சி ஸ்டாலுக்கும் ஆன்லைன் டைரக்டரி சந்தாவுக்கும் போனது. பத்திரிகை விளம்பரம் கொடுத்து யாருக்காவது உண்மையில் என்கொயரி வந்திருக்கிறதா? எதைப் பார்த்து முடிவு எடுப்பது? வீட்டில் கேடயத்துக்கு ஆசைப்படுகிறார்கள், அப்பா உயிரோடு இருந்திருந்தால் அவரும் ஆசைப்பட்டிருப்பார், அதனால்தான் மனது ஊசலாடுகிறது.

கிண்டி_வால்வு

அண்ணா, இந்தக் காலத்தில் பத்திரிகையை யார் புரட்டுகிறார்கள்? அந்தப் பிளேடு வேலை செய்வதை ஒரு நிமிட வீடியோவாக எடுத்து யூடியூபில் போடுங்கள். எங்கள் வால்வுக்கு அப்படித்தான் ராஜ்கோட்டிலிருந்து ஆர்டர் வந்தது.

மவுண்ட்ரோடு_மீடியா

22 வருடம் பத்திரிகைகளுக்கு விளம்பர இடம் விற்றவன், கடைசி ஆறு வருடம் ஏஜென்சிப் பக்கம் இருந்தேன். இரண்டு பக்கமும் தெரியும் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தம்பி, முதலில் அந்த 10 பேர் பட்டியல். போன் செய்தவருக்கு உங்கள் பெயர் ஆன்லைன் டைரக்டரியிலிருந்தோ கண்காட்சிப் பட்டியலிலிருந்தோ கிடைத்திருக்கும். அவருக்கு மாதம் இத்தனை என்று டார்கெட் இருக்கும். 60 பேருக்குப் போன் போட்டால் பத்து பேர் பணம் கட்டுவார்கள், அந்தப் பத்து பேர்தான் பட்டியல். எல்லாப் பத்திரிகையும் அப்படி இல்லை, நடுவர் குழுவை வைத்து, இடத்துக்கே வந்து பார்த்து, நுழைவுக் கட்டணம்கூட இல்லாமல் விருது கொடுப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் தேர்வுக்குப் பிறகு பணம் கேட்பதில்லை. தேர்வாகிவிட்டீர்கள், இப்போது பணம் கட்டுங்கள் என்று சொன்னால் நீங்கள் வாங்குவது விளம்பர இடம். அதை விளம்பர இடமாகவே மதிப்புப் போட்டுப் பாருங்கள், இரண்டு பக்கத்துக்கு 1,20,000 நியாயமா என்று. அந்தக் கட்டுரை எப்படி அச்சாகும் என்றும் கேளுங்கள். காசு வாங்கிப் போடும் பக்கத்தை விளம்பரம் என்று வாசகனுக்குத் தெரிகிற மாதிரி பிரித்துக் காட்ட வேண்டும் என்பது பிரஸ் கவுன்சிலின் நெறிமுறை. தலைப்புக்கு மேலே "விளம்பரப் பகுதி" என்று போடுவீர்களா என்று கேட்டுப் பாருங்கள், அவர்கள் பதில் சொல்கிற விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

அடுத்து எத்தனை பிரதி. இங்கேதான் எல்லாரும் வழுக்கி விழுகிறார்கள். "ஐம்பதாயிரம் வாசகர்கள்" என்பார்கள், அது பத்தாயிரம் பிரதியை ஐந்தால் பெருக்கிய கணக்காக இருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது ரீடர்ஷிப் (எத்தனை பேர் படிக்கிறார்கள்) இல்லை, சர்க்குலேஷன் (எத்தனை பிரதி போகிறது). பிரதி எண்ணிக்கையைத் தணிக்கை செய்கிற ஏபிசி என்ற அமைப்பு 1948 முதல் இருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒரு முறை தணிக்கை செய்து சான்றிதழ் கொடுக்கும். பெரிய தினசரிகள், வார இதழ்கள் அதில் இருப்பார்கள், சின்னத் தொழில் இதழ்கள் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள், அதனால் மட்டும் அவர்களைப் பொய்யர்கள் என்று சொல்லிவிட முடியாது. அவர்களிடம் போன மூன்று இதழ்களின் அச்சகப் பில்லையும் தபால் அனுப்பிய ரசீதையும் காட்டச் சொல்லுங்கள். எந்த ஊருக்கு எத்தனை பிரதி என்று கேளுங்கள். உங்களுக்கு வேண்டியது கோயம்புத்தூர், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், புனே. நேர்மையான ஆள் எடுத்துக் காட்டுவார். நான் விற்ற காலத்தில் அந்த ரசீதுகளைப் பையிலேயே வைத்திருப்பேன், யாரும் கேட்டதில்லை என்பதுதான் வருத்தம்.

இதழின் உள்ளே சின்ன எழுத்தில் வெளியிடுபவர், அச்சிடுபவர், ஆசிரியர் பெயரும் அச்சகத்தின் இடமும் போட்டிருக்கும். அது சட்டப்படி இருந்தாக வேண்டும். பதிவு எண்ணும் இருக்கும். பத்திரிகைகளைப் பதிவு செய்கிற அரசு அலுவலகத்தை முன்பு ஆர்என்ஐ என்று சொன்னோம், 1867 ஆம் ஆண்டுச் சட்டம் போய் 2023 சட்டம் வந்த பிறகு அது பிஆர்ஜிஐ ஆகிவிட்டது. அவர்கள் இணையதளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள். பதிவே இல்லாமல் பிடிஎஃப் மட்டும் போடுகிற "பத்திரிகை"களும் போன் செய்கின்றன.

எனக்குத் தெரிந்து எல்லாவற்றையும்விட நல்ல சோதனை ஒன்று உண்டு, செலவு எழும்பூருக்கு டிரெயின் டிக்கெட் மட்டும். கன்னிமாரா நூலகத்துக்குப் போங்கள். 1954 சட்டப்படி நாட்டில் நான்கு நூலகங்களுக்கு ஒவ்வொரு வெளியீட்டின் பிரதியும் போய்ச் சேர வேண்டும், அதில் ஒன்று கன்னிமாரா. எல்லாரும் ஒழுங்காக அனுப்புவதில்லை, ஆனாலும் பழைய தொழில் இதழ்கள் நிறையக் கிடைக்கும். அந்த இதழின் கடைசி 12 மாதத்தை எடுத்து மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, கட்டுரைகளை விட்டுவிட்டு விளம்பரத்தை மட்டும் பாருங்கள். உங்களைப் போன்ற கம்பெனி, கட்டிங் ஆயில், டூல் ஹோல்டர், கோலெட் விற்கிறவன், எத்தனை மாதம் திரும்பத் திரும்ப வந்திருக்கிறான் என்று எண்ணுங்கள். ஒரு முறை வந்து காணாமல் போனவன் காசை விட்டவன். எட்டு மாதம் தொடர்ந்து வந்தவனுக்கு ஏதோ கிடைக்கிறது. முடிந்தால் அவன் நம்பரை எழுதிக்கொண்டு வந்து நேரடியாகவே கேளுங்கள், அம்பத்தூர்க்காரன் என்றால் சொல்வான்.

ரேட் கார்டு பேச்சுக்கு ஆரம்பம்தான். ஒரு முழுப்பக்கத்துக்குப் பதிலாக மூன்று அரைப்பக்கம் மூன்று மாதம் தொடர்ந்து கேளுங்கள், விலை இறங்கும். வலது பக்கம் வேண்டும், மெஷினிங் கட்டுரைக்கு எதிரில் வேண்டும் என்று ரிலீஸ் ஆர்டரிலேயே (விளம்பரம் போடச் சொல்லிக் கொடுக்கிற ஆர்டர்) எழுதுங்கள், வாயால் சொன்னதெல்லாம் இதழை அச்சுக்கு முடிக்கிற அன்று மறந்துபோகும். இதழ் வந்ததும் விளம்பரம் வந்ததற்குச் சாட்சியான பிரதி (வவுச்சர் காப்பி) கைக்கு வந்த பிறகுதான் பேமென்ட் என்பதையும் எழுதுங்கள்.

அப்புறம் ஜிஎஸ்டி. அச்சுப் பத்திரிகையில் இடம் விற்பதற்கு 5 சதவீதம். வெப்சைட் பேனர், விழா ஸ்பான்சர்ஷிப் இதற்கெல்லாம் 18. எல்லாவற்றையும் ஒரே பேக்கேஜாகக் கட்டி மொத்தத்துக்கும் 18 போட்டுப் பில் தருவார்கள். கட்டின வரிக்குப் பிறகு கிரெடிட் எடுத்துக்கொள்ளலாம்தான், ஆனால் உங்களைப் போன்ற யூனிட்டுக்கு இரண்டு மாதம் கையிலிருந்து காசு போகும். தனித்தனியாகப் பில் கேளுங்கள்.

கிண்டி தம்பி சொன்ன வீடியோவும் அவசியம். அரைப்பக்க விளம்பரத்தில் கியூஆர் போட்டால் அது அந்த வீடியோவுக்குத்தான் போக வேண்டும்.

திருமுடிவாக்கம்_கோட்டிங்

நான் கட்டினவன். மூன்று வருடத்துக்கு முன்னால், 80,000 ரூபாய், இதே மாதிரி ஒரு பட்டியல். பவுடர் கோட்டிங் பிளான்ட் வைத்திருக்கிறேன், அதில் என்ன புதுமை என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. கேள்விகளை மெயிலில் அனுப்பினார்கள், பதிலை என் மகள் எழுதிக் கொடுத்தாள், அதையே கட்டுரையாகப் போட்டார்கள். ஓவனின் வெப்பநிலை 200 டிகிரி என்று எழுதி அனுப்பினது 2000 என்று அச்சாகியிருந்தது. அதைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, இந்தத் தொழில் தெரிந்த ஒருவன் படித்தால் என்ன நினைப்பான்? திருத்தம் போடச் சொன்னேன், அடுத்த இதழில் பார்க்கலாம் என்றார்கள், அதோடு சரி.

இதழ் இரண்டு பிரதி வந்தது. மேற்கொண்டு பிரதி வேண்டுமென்றால் ஒன்றுக்கு இவ்வளவு என்று தனி விலை. அந்தப் பட்டியலின் லோகோவை என் பிரோஷரில் போட்டுக்கொள்ள ஒரு கட்டணம். வந்த போன்கள் எல்லாம் வேறு பத்திரிகைகளிலிருந்து, "உங்களையும் தேர்ந்தெடுத்திருக்கிறோம்" என்று.

ஓசூரில் ஒரு பர்ச்சேஸ் மேனேஜரிடம் பெருமையாக அந்த இதழை எடுத்து வைத்தேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்து, "சார், சால்ட் ஸ்ப்ரே டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கிறதா, இப்போது யாருக்குச் செய்து கொடுக்கிறீர்கள், அவர்கள் நம்பர் தருவீர்களா" என்று கேட்டார். கோட்டிங் துருவைத் தாங்குமா என்று உப்புநீர் தெளித்துப் பார்க்கிற சோதனை அது. அன்றைக்கு என்னிடம் டெஸ்ட் ரிப்போர்ட் பழையதாக இருந்தது. அந்த 80,000 இருந்திருந்தால் ரிப்போர்ட்டையும் புதுப்பித்து, ஒரு நல்ல கேட்டலாக்கும் அடித்திருக்கலாம். அப்பாவின் ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்குப் புரிகிறது, என் அம்மா அந்தக் கேடயத்தை இன்றும் டிவி பக்கத்தில் வைத்துத் தினமும் துடைக்கிறார். ஆனாலும் கட்டாதீர்கள்.

கிண்டி_கிளெய்ம்ஸ்

தம்பி, விளம்பரத்தைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள், நான் பேட்டன்ட் வேலை பார்க்கிறவள், உங்கள் முதல் பதிவில் ஒரு வரியைப் படித்ததும் பதறிப்போய் எழுதுகிறேன். அந்தப் பிளேடுக்கு விண்ணப்பம் போட்டாயிற்றா?

போடவில்லை என்றால் எந்த இதழிலும் அதன் படத்தையோ வேலை செய்யும் விதத்தையோ கொடுக்காதீர்கள். நம் சட்டப்படி விண்ணப்பத் தேதிக்கு முன்னால் அச்சில் வெளியானது எதுவும் புதியது இல்லை, நீங்களே வெளியிட்டிருந்தாலும் அப்படித்தான். வேறு சில நாடுகளில் இருக்கிற மாதிரி நமக்குப் பொதுவான ஒரு வருட அவகாசம் கிடையாது. மத்திய அரசு கெசட்டில் அறிவித்த கண்காட்சியில் காட்டுவது, அறிஞர் சங்கத்தில் கட்டுரை வாசிப்பது என்று குறுகலான சில விலக்குகள் மட்டும் உண்டு, அதிலும் 12 மாதத்துக்குள் விண்ணப்பம் போட வேண்டும். பிசினஸ் இதழில் வருகிற இரண்டு பக்கக் கட்டுரைக்கு எந்த விலக்கும் கிடையாது. யூடியூப் வீடியோவுக்கும் இதே கதைதான், கிண்டி_வால்வு தம்பி கவனிக்க.

இரண்டு வாடிக்கையாளர்களிடம் சோதனைக்கு ஓடுகிறது என்றீர்கள். பில் போட்டு விற்றீர்களா, சோதனைக்கு மட்டும் கொடுத்தீர்களா? நியாயமான சோதனைக்காகப் பொது இடத்தில் ஓட்டியே ஆக வேண்டிய நிலை என்றால் ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் சட்டம் இடம் கொடுக்கிறது, விற்பனை என்றால் கதை வேறு. உங்களுக்கு எட்டு மாதம் ஓடிவிட்டது. சோதனைக்குக் கொடுத்த டெலிவரி சலான், அவர்களோடு பேசின மெயில் எல்லாவற்றையும் இப்போதே ஒரு பைலில் போட்டு வையுங்கள்.

இப்போதைக்குப் புரொவிஷனல் (முதற்கட்ட) விண்ணப்பம் போதும், உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இருந்தால் சிறு நிறுவனத்துக்கான கட்டணம், ஆன்லைனில் 1,600 ரூபாய். வரைபடமும் விளக்கமும் சரியாக இருக்க வேண்டும், அதை எழுதித் தருவதற்கு ஏஜென்ட் கட்டணம் தனி. அந்தத் தேதி கையில் வந்த பிறகு முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் இருக்கிறது. நம் காப்புரிமை அலுவலகம் கிண்டியில் ஜிஎஸ்டி ரோட்டிலேயே (கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு) இருக்கிறது, ஆனால் நேரில் போக வேண்டிய அவசியம்கூட இல்லை.

விண்ணப்பம் போட்ட பிறகு விளம்பரத்தில் "பேட்டன்ட் பெண்டிங்" என்று போடலாம். "பேட்டன்டட்" என்று போடவே கூடாது, கிடைக்காத உரிமையைக் கிடைத்ததாகக் காட்டினால் அபராதம் உண்டு. டிசைன் செய்கிறவர்கள் எழுத்துக்கு இடம் போதவில்லை என்று அந்த "பெண்டிங்"கை வெட்டிவிடுவதைப் பார்த்திருக்கிறேன், புரூஃப் வரும்போது அந்த ஒரு வார்த்தையைத் தேடிப் பாருங்கள்.

அம்பத்தூர்_பட்டறை

அக்கா, போடவில்லை. பில் போடவில்லை, சலான்தான், "சோதனைக்கு மட்டும், திரும்பப் பெறப்படும்" என்று எங்கள் அக்கவுன்ட்ஸ் பெண் எழுதிக் கொடுத்திருக்கிறார். நாளைக்கே ஒருவரைப் பார்க்கிறேன். இது தெரியாமல் அந்தக் கட்டுரைக்கு பிளேடின் க்ளோசப் போட்டோவே எடுத்து வைத்திருந்தேன்.

ராயப்பேட்டை_லேஅவுட்

நான் டிடிபி காலத்திலிருந்து லேஅவுட் செய்கிறவள், விளம்பரம் அச்சில் கெட்டுப்போகிற இடங்களைச் சொல்கிறேன்.

இதழ் ஏ4 என்றால் வெட்டின பிறகு 210க்கு 297 மில்லிமீட்டர். முழுப்பக்கமோ ஓரம் வரை போகிற அரைப்பக்கமோ என்றால் வெட்டுகிற பக்கங்களில் 3 மில்லிமீட்டர் பிளீட் (வெட்டுக்கு வெளியேயும் நீள்கிற படம்) விடணும், போன் நம்பரை ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி வைக்கணும். தடிமனான இதழில் நடு மடிப்புப் பக்கம் இன்னும் உள்ளே. ஒரு பம்ப் கம்பெனி விளம்பரத்தில் கடைசி இரண்டு எண் மடிப்புக்குள் போய்விட்டது, இதழை விரித்துப் பிடித்தால்தான் தெரியும், யார் விரித்துப் பிடிப்பார்கள்?

வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவை அனுப்பாதீர்கள். போனில் பளிச்சென்று இருக்கும், அச்சில் கட்டம் கட்டமாகத் தெரியும். அச்சாகப் போகும் அளவில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) வேண்டும், கேமராவிலிருந்து எடுத்த ஒரிஜினல் பைலைக் கொடுங்கள். லோகோ நீலமாக இருந்தால் ரொம்ப ஜாக்கிரதை. ஸ்கிரீனில் இருப்பது ஒளியாலான ஆர்ஜிபி நீலம், அச்சு மையின் நான்கு நிறமான சிஎம்ஒய்கேவுக்கு மாற்றும்போது மெஜந்தா கூடிப்போய்க் கத்திரிப்பூ நிறத்துக்கு வந்துவிடும். மாற்றின பிறகு அளவைக் கையால் சரிசெய்து, ஒரு பேப்பர் புரூஃப் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, இதை யாரும் கேட்கவில்லை. இதழ் தமிழிலா ஆங்கிலத்திலா? கூலன்ட் டேங்கை முடிவு செய்கிறவர் பெரிய கம்பெனியில் மெயின்டனன்ஸ் மேனேஜர், அவருக்கு ஆங்கிலம் சரி. ஆனால் கோயம்புத்தூரிலும் ஓசூரிலும் நாலு மெஷின், ஆறு மெஷின் வைத்திருக்கிற ஷாப் ஓனர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள், அவர்கள் தமிழ் வணிக இதழ் படிக்கிறார்கள், அங்கே மெஷின் துணைக்கருவி விளம்பரம் வருவதே அபூர்வம். நீங்கள் எழுதின அந்தத் திங்கட்கிழமை நாற்றத்தைத் தமிழில் எழுதினால் அவர்களுக்கு மூக்கிலேயே வரும். தமிழ் எழுத்தை மட்டும் அவுட்லைனாக (ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவமாக) மாற்றி அனுப்புங்கள், அச்சகத்தில் அந்த ஃபான்ட் இல்லையென்றால் கொம்பும் காலும் இடம் மாறிப்போய்விடும்.

அம்பத்தூர்_பட்டறை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், எல்லாருக்கும் நன்றி, என்ன நடந்தது என்று சொல்லிவிட வேண்டும்.

10 பேர் பட்டியல்காரர்களிடம் அச்சகப் பில் கேட்டேன். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை கெடு தாண்டியது, திங்கட்கிழமை போன் செய்து 75,000க்கு முடித்துத் தருவதாகச் சொன்னார்கள், பில் பற்றிப் பேச்சே இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டிலும் திருமுடிவாக்கம் சார் எழுதினதைப் படித்துக் காட்டினேன், சரி என்றார்கள்.

சனிக்கிழமை கன்னிமாராவுக்குப் போனேன். அந்தப் பழைய தொழில் இதழ் 12 மாதத்தில் பத்து கிடைத்தது. ஒரு கட்டிங் ஆயில் டீலர் ஒன்பதில் இருந்தார், ஒரே இடத்தில், ஒரே கால்பக்கம், படம்கூட மாறவில்லை. அம்பத்தூருக்குப் பக்கத்தில் பாடியில் கடை, போய்ப் பார்த்தேன். மாதம் நாலைந்து போன் வருகிறது, அதில் ஒன்று ஆர்டர் ஆகிறது, இதழ் வந்த மாதத்தைவிட அடுத்த மாதம்தான் அதிகம் வருகிறது, ஷாப்பில் இதழ் கை மாறி மாறிப் போகிறது என்றார். விளம்பரத்துக்கென்று தனி சிம் வைத்திருக்கிறார், அந்த நம்பரில் வந்தால் பத்திரிகையிலிருந்து என்று தெரியும். அதையே நானும் செய்யப் போகிறேன்.

புரொவிஷனல் போட்டாயிற்று, நம்பர் வந்துவிட்டது. தொழில் இதழில் மூன்று அரைப்பக்கம் 66,000க்குப் பேசி முடித்தேன், வலது பக்கம், வவுச்சர் காப்பி எல்லாம் ரிலீஸ் ஆர்டரில் இருக்கிறது. மீதியில் தமிழ் இதழ் ஒன்றில் கால்பக்கம் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

ராயப்பேட்டை அக்கா, ஒரே டேங்கைப் பாதி எண்ணெயோடும் பாதி சுத்தமாகவும் தெரிகிற மாதிரி நடுவில் தகடு வைத்து மேலிருந்து போட்டோ எடுத்தோம். தலைப்பு "திங்கட்கிழமை ஷட்டரைத் தூக்கியதும்?" என்று மட்டும். பிளேடு படத்தில் இல்லை. இது போதுமா, கீழே இன்னும் ஒரு வரி வேண்டுமா?

ராயப்பேட்டை_லேஅவுட்

தலைப்பு போதும். கீழே விலை எழுதுங்கள், தம்பி. விலை இருக்கிற விளம்பரத்துக்கு வாங்குகிறவன் போன் செய்வான். பைலை மெயிலில் அனுப்புங்கள், எண்ணெய் பக்கத்து பிரவுன் அச்சில் கறுத்துப்போகும், கொஞ்சம் வெளுத்துத் தருகிறேன்.